தொலைந்த புழு எங்கே போகிறது?



காவிரிக் கரையில் இருக்கும் மோகனூர் எங்கள் ஊர். கல்லூரி விட்டு வந்ததும் ஆற்றுப் பக்கம் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என் வழக்கம். அங்கே தூண்டில் போடுகிறவர்களை வேடிக்கை பார்ப்பதில் எனக்குச் சிறு வயது முதலே ஆசை உண்டு. மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு தக்கை, ஒரு முள், முள்ளில் மண்புழு. அவ்வளவுதான் எங்கள் ஊர்த் தூண்டில்.

சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, பதினோராம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன் புதுவிதமான தூண்டிலோடு நின்றிருந்தான். கழிக்குப் பதில் வளையக்கூடிய நல்ல கோல். நரம்பைச் சுற்ற ஒரு கைராட்டை. முள்ளில் கருநீல நிறத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது.

"என்னப்பா இது?" என்று கேட்டேன்.

"ரப்பர் புழுங்க சார். விராலுக்குப் போடறது. மண்புழு தோண்டற வேலையே இல்லைங்க" என்றான்.

சிறு டப்பா ஒன்றைத் திறந்து காட்டினான். அதில் இரண்டு புழுக்கள் இருந்தன. "பத்து வாங்கினேங்க. முள்ளுல இருக்கறதோட சேர்த்து இப்ப மூணுதான் இருக்குது" என்றான்.

"மிச்சம் ஏழு?"

"தொலைஞ்சு போச்சுங்க சார்."

அப்போது நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் விரால் வாங்கி வந்தோம். மீன் ஆய்ந்து கொண்டிருந்த அக்கா, "தம்பி, இங்க வந்து பாரு, இது குடலா, கயிறா?" என்று கூப்பிட்டார். விராலின் இரைப்பைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு. வழவழப்பாக இருந்தது. கழுவிப் பார்த்தால் பளபளவென்று பச்சை நிறம். ஒரு முனையில் வால் போல மெல்லிய தகடு. ரப்பர் புழுவேதான்!

அந்தப் பையன் வைத்திருந்தது நீலம், இது பச்சை. சந்தைக்கு வந்த மீன் எந்த மடுவில் பிடிபட்டதோ, யார் போட்ட புழுவோ, எனக்குத் தெரியாது. ஆனால் "தொலைந்து போச்சு" என்ற சொல் அன்று முதல் என்னை விடவில்லை. நான் இயற்பியல் கற்பிக்கிறவன். பொருள் ஒன்று இல்லாமல் போய்விடாது, இடம் மாறும் அல்லது உருமாறும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறவன். அப்படியிருக்க, தொலைந்த ஏழு புழுக்கள் எங்கே போயின என்று நான் கேட்டிருக்க வேண்டாமா?

இந்தப் புழுவைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மிகவும் சாமர்த்தியமான கருவி. அதிலுள்ள அறிவியலை நீங்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் ஆற்றில் அது வேண்டாம். ஏன் என்பதைப் பார்ப்போம்.

சமையலறையில் பிறந்த புழு

மீனை ஏமாற்றப் போலி இரை செய்வது மிகப் பழைய கலை. மரத்துண்டு, இறகு, தகடு இவற்றால் சிறு மீன் போலவும் பூச்சி போலவும் செய்து வந்தார்கள். இவற்றில் ஒரு குறை உண்டு. மீன் கவ்வியவுடன் கடினமாக இருப்பதை உணர்ந்து துப்பிவிடும்.

அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரம் டயர்த் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே 1949-ஆம் ஆண்டில் நிக் கிரீம் என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து, வீட்டுச் சமையலறையிலேயே பிளாஸ்டிக் கலவையைக் காய்ச்சி, மண்புழு வடிவ அச்சில் வார்த்து எடுத்தார். தொட்டால் மெத்தென்று இருந்தது, நீரில் நெளிந்தது. பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்கு இதைவிடச் சிறந்த இரை இல்லை என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் கொண்டாடினார்கள். பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் என்ற ஊரில் பெரிய அளவில் உற்பத்தி நடந்தது.

ரப்பர் புழு என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் அதில் ரப்பர் கிடையாது. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் அதே பி.வி.சி.தான். குழாய் விறைப்பாக இருக்கிறதே, புழு எப்படிக் குழைகிறது? பி.வி.சி.யின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடப்பதால்தான் விறைப்பு. எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலந்து சூடாக்கினால், அது மூலக்கூறுகளுக்கு இடையில் புகுந்து அவற்றை விலக்கி வைக்கிறது. அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர முடிகிறது. எனவே பொருள் குழைகிறது. இந்தத் திரவம் பி.வி.சி.யோடு வேதிப் பிணைப்பு ஏதும் கொள்வதில்லை, இடையில் தங்கி மட்டுமே இருக்கிறது. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாஸ் என்பது வட அமெரிக்க ஏரிகளின் மீன். பாசி, மரக்கட்டை ஆகியவற்றின் மறைவில் அசையாமல் காத்திருந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும். எங்கள் பக்கத்துக் காவிரியில் பாஸ் இல்லை. ஆனால் அதே தொழிலைச் செய்யும் மீன் ஒன்று உண்டு. அதுதான் விரால். அதுவும் பாசி மறைவில் பதுங்கும், பாயும், பெரிய வாயால் கவ்வும். ஆகவே பாஸுக்காகச் செய்த புழு விராலையும் ஏமாற்றுவதில் வியப்பில்லை.

மீனை ஏமாற்றும் இயற்பியல்

மீனுக்குப் புழு என்றால் என்ன? நம்மைப் போல அது படம் பார்த்துப் பெயர் படித்ததில்லை. மெதுவாக இறங்குவது, நெளிவது, மெத்தென்று இருப்பது என்று சில அடையாளங்களைத்தான் அது அறியும். அந்த அடையாளங்களை மட்டும் காட்டினால் போதும், மீன் ஏமாறும். இவை ஒவ்வொன்றிலும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் இறங்கும் வேகம். 10 கிராம் எடையுள்ள புழு ஒன்றின் பருமன் 9 கன செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். நீரில் மூழ்கியதும் அது 9 கன செ.மீ. நீரை விலக்குகிறது. விலக்கப்பட்ட நீரின் எடை 9 கிராம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி நீருக்குள் அதன் தோற்ற எடை 1 கிராம்தான்! 10 கிராம் ஈயக் குண்டைப் பாருங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3 ஆகையால் அதன் பருமன் ஒரு கன செ.மீ.க்கும் குறைவு. அதன் தோற்ற எடை 9 கிராமுக்கு மேல். அதனால்தான் ஈயம் விர்ரென்று இறங்குகிறது. புழு காற்றில் இறகு இறங்குவது போல ஆடி ஆடி இறங்குகிறது. இன்னும் சற்று வேகமாக இறங்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக்கோடு சமையல் உப்பைக் கலந்து வார்ப்பார்கள். உப்பின் அடர்த்தி 2.16 அல்லவா?

அடுத்தது நெளிவு. வாலில் உள்ள மெல்லிய தகடு, இழுக்கும்போது இருபக்கமும் அடித்துக் கொள்கிறது. ஒவ்வோர் அடியும் நீரில் ஒரு சிறு தள்ளலை உண்டாக்குகிறது. மீனின் உடலில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை மெல்லிய கோடு ஒன்று ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பக்கக்கோடு என்று பெயர். அதில் வரிசையாக இருக்கும் நுண்ணிய உணர் உறுப்புகள் நீரின் அசைவை அறியும். ஆடி மாதத்துக் கலங்கல் நீரில் கண்ணுக்கு வேலை இல்லாதபோதும், அருகில் ஏதோ நெளிகிறது என்று மீன் அறிவது இதனால்தான்.

மூன்றாவது ஒளி. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. இதிலிருந்து கணக்கிட்டால் மாறுநிலைக் கோணம் சுமார் 48.6 பாகை வரும். நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிந்த ஒரு கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. மீனின் கண் 1 மீட்டர் ஆழத்தில் இருந்தால், நீர்ப்பரப்பில் சுமார் 2¼ மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம்தான் அதற்குச் சன்னல். அந்தச் சன்னலின் விளிம்பில், நசுங்கிக் குறுகிய உருவமாக, கரையில் நிற்கும் நீங்கள் தெரிவீர்கள்! சன்னலுக்கு வெளியே, முழு அகப் பிரதிபலிப்பினால் ஆற்றின் அடிப்பகுதியே கண்ணாடியில் தெரிவது போலத் தெரியும். அனுபவமுள்ள தூண்டில்காரர் ஏன் குந்தி உட்காருகிறார் என்று இப்போது புரிகிறதா? தாழ உட்கார உட்கார அவர் மாறுநிலைக் கோணத்தின் விளிம்பில் மறைகிறார். அவருக்கு ஸ்நெல் விதி தெரியாது, ஆனால் அதைக் கடைப்பிடிக்கிறார்.

நான்காவது ஒலி. "பேசாதே, மீன் ஓடிவிடும்" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். இதில் பாதிதான் சரி. காற்றிலிருந்து நேராக நீர்ப்பரப்பில் விழும் ஒலி ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது. மற்றதெல்லாம் திரும்பி வந்துவிடும். ஆகவே மெல்லப் பேசலாம். ஆனால் கரையில் தொப்பென்று காலை வைத்தால் அந்த அதிர்வு மண் வழியே நேராக நீருக்குள் போய்விடும். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! வாயைக் கட்டுவதைவிடக் காலைக் கட்டுவது முக்கியம்.

கடைசியாகத் தொடு உணர்வு. கவ்விய இரை மெத்தென்று இருப்பதால் மீன் உடனே துப்புவதில்லை. ஓரிரு நொடிகள் கூடுதலாக வாயில் வைத்திருக்கும். தூண்டில்காரருக்கு அந்த நொடிகள் போதும். இன்னொரு தந்திரமும் உண்டு. முள்ளின் கூர்முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்து வைப்பார்கள். பாசியிலும் கட்டையிலும் மாட்டாமல் புழு நழுவிச் செல்லும். மீன் கவ்வி, கோலைச் சுண்டும்போதுதான் முனை வெளியே வரும். டெக்சஸ் மாநிலத்தின் பெயரால் இதைக் குறிப்பிடுவார்கள்.

எவ்வளவு நுட்பம் பாருங்கள்! கோலைப் பிடித்து நிற்கும் ஒரு பையன், தெரியாமலே மிதப்பு விசை, ஒளிவிலகல், ஒலி, அதிர்வு என்று நான்கு பாடங்களை நடத்திக் கொண்டிருக்கிறான்.

தொலைந்தது எங்கே?

இனி விஷயத்துக்கு வருவோம். மண்புழு முள்ளிலிருந்து கழன்று விழுந்தால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் ஒரு கெண்டையோ கெளுத்தியோ அதைத் தின்றுவிடும். தின்னாவிட்டால் பாக்டீரியா சில நாளில் கரைத்துவிடும். மண்புழுவின் உடல் பெரும்பாலும் நீரும் புரதமும். புரதத்தின் பிணைப்புகளை வெட்டுவதற்கென்றே மீனின் வயிற்றில் நொதிகள் இருக்கின்றன.

பி.வி.சி.யின் கதை வேறு. கரி அணுக்கள் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு, இடையிடையே குளோரின் அணு தொங்கும் மூலக்கூறு அது. அதை வெட்டும் நொதி எந்த மீனின் வயிற்றிலும் இல்லை. புழு வயிற்றுக்குள் போனால் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் ஆராய்ச்சியாளர்கள் தொட்டியில் வளர்த்த ட்ரௌட் மீன்களுக்கு முன்னால் இத்தகைய மெல்லிய பிளாஸ்டிக் இரைகளைப் போட்டுப் பார்த்தார்கள். முள் இல்லை, இழுப்பார் இல்லை, இருந்தும் பல மீன்கள் தாமாகவே அவற்றை விழுங்கின. விழுங்கிய மீன்கள் எடை குறைந்தன. இந்த ஆய்வு 2009-இல் வெளியாயிற்று. நீரில் நெடுநாள் ஊறிய சில வகைப் புழுக்கள் வீங்கிப் பெருக்கின்றன என்றும் பின்னர் கண்டறிந்தார்கள். வாயில் நுழைந்தது, வெளியே போகும் வழியில் நுழையாமல் போகலாம் அல்லவா?

குழைவுக்காகக் கலந்த திரவத்தை நினைவில் வைக்கச் சொன்னேனே. அது பிணைப்பில்லாமல் இடையில் தங்கியிருப்பதால் சிறிது சிறிதாக வெளியே கசியும். பழைய மழைக்கோட்டு நாளடைவில் விறைத்து வெடிப்பது இந்தக் கசிவினால்தான். ரப்பர் புழுவை மற்றொரு பிளாஸ்டிக் டப்பாவில் நீண்ட நாள் வைத்தால் சில டப்பாக்கள் இளகிப் பிசுபிசுப்பதும் இதனால்தான். இத்திரவங்களில் தாலேட்டுகள் என்ற வகையைச் சேர்ந்த சில, உயிரினங்களின் ஹார்மோன் வேலையில் குறுக்கிடுவதால், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களில் அவற்றைப் பல நாடுகள் கட்டுப்படுத்தியுள்ளன.

எங்கள் ஊர் ஆற்றுக்கென்று தனியாக ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் பெரிய ஏரிகளைப் போலக் காவிரி ஆண்டு முழுதும் ஒரே அளவாக இருப்பதில்லை. மேட்டூர் அணையில் நீர் திறந்தால் கரை முட்ட ஓடும். கோடையில் அகன்ற மணல்வெளிக்கு நடுவே ஓடையாகச் சுருங்கும். அங்கங்கே மடுக்கள் மட்டும் மிஞ்சும். அப்போது மீன்கள் எல்லாம் அந்த மடுக்களுக்குள் ஒடுங்குகின்றன. அடித்து வந்த குப்பையும் அங்கேயே ஒதுங்குகிறது. அதாவது புழுவின் எண்ணிக்கை அப்படியே இருக்க, நீரின் பருமன் குறைந்துவிடுகிறது. ஒரு மீன் ஒரு புழுவைச் சந்திக்கும் வாய்ப்புக் கூடிவிடுகிறது. கரைசலின் செறிவு பற்றி வேதியியலில் படித்திருப்பீர்கள். அதே கணக்குத்தான்.

மறுப்புகளும் பதிலும்

என் கருத்தை மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

"ஆற்றில் மிதக்கும் பைகளுக்கும் பாட்டில்களுக்கும் முன்னால் நாலு ரப்பர் புழு எம்மாத்திரம்?" என்று கேட்கிறார்கள். அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் பையும் பாட்டிலும் மீனை அழைப்பதற்காகச் செய்தவை அல்ல. இது மீன் விரும்பித் தின்னும்படி, நிறமும் உருவமும் அசைவும் மென்மையும் கொடுத்து, சில வகைகளில் மணமும் உப்பும் சேர்த்துச் செய்யப்பட்டது. ஆற்றில் விழுந்த பிறகும் அது தன் வேலையைச் செய்து கொண்டே இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. உறிஞ்சு குழாய், தட்டு, குவளை எல்லாம் அந்தப் பட்டியல்களில் உண்டு, தூண்டில் புழு இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் 2013-இல் இத்தகைய இரைகளைத் தடை செய்ய ஒரு மசோதா வந்தது. அது தடையாக நிறைவேறவில்லை. ஆகவே இப்போதைக்கு இது சட்டத்தின் கையில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது.

"உயிருள்ள மண்புழுவைக் குத்துவது மட்டும் நியாயமா?" என்பது இரண்டாவது கேள்வி. நல்ல கேள்வி. மண்புழு வீண் பிராணி அல்ல. மண்ணைப் புரட்டிப் பதப்படுத்தும் அதன் உழைப்பைப் பற்றி டார்வின் 1881-இல் ஒரு நூலே வெளியிட்டார். இன்னொரு செய்தியும் உண்டு. வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில், பனியூழியில் பனிப்பாறை மூடியிருந்த இடங்களில், இயல்பான மண்புழுக்களே கிடையாது. தூண்டில்காரர்கள் மிச்சப் புழுவைக் கரையில் கொட்டிவிட்டுப் போனதாலும் ஐரோப்பிய மண்புழுக்கள் அங்கே பரவின. அவை காட்டுத் தரையின் இலைப்படுகையைத் தின்று, அங்குள்ள செடிகொடிகளையே பாதித்தன. ஆகவே மண்புழு எங்கும் எப்போதும் தீங்கற்றது என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் மோகனூரில் நாங்கள் புழுத் தோண்டுவது ஆற்றை ஒட்டிய வாழைத் தோட்டத்து ஈர மண்ணில். அந்தக் கரைக்கு அது புதியதல்ல. தேவைக்கு நாலைந்து எடுத்து, மிஞ்சியதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. "மண்புழுவை மீன் ஆழமாக விழுங்கிவிடும். முள் குடலில் மாட்டும். போலி இரையில் முள் பெரும்பாலும் உதட்டோடு நிற்கும். பிடித்த மீனைத் திரும்ப விடுவதானால் அதுதான் பிழைக்கும்." இது உண்மைதான். மீனைப் பிடித்து விட்டுவிடுவதையே விளையாட்டாகக் கொண்டவர்களுக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால் எங்கள் ஊரில் விராலைப் பிடித்தவர் திரும்ப விட்டதை நான் பார்த்ததில்லை, அது குழம்புக்குத்தான் போகிறது. குழம்புக்குப் போகும் மீன் ரப்பர் துண்டோடு போகக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

கணக்கு வையுங்கள்

"அப்படியானால் ரப்பர் புழுவைத் தொடவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் குறைந்தபட்சம் ஒன்று செய்யுங்கள். ஆய்வுக்கூடத்தில் பதிவேடு வைக்கிறீர்கள் அல்லவா? அதைப் போலக் கரையிலும் வையுங்கள். கொண்டு போனது எத்தனை, கொண்டு வந்தது எத்தனை, வித்தியாசம் எத்தனை? மூன்று பத்திகள் போதும். வித்தியாசம் என்ற பத்தியில் வரும் எண், ஆற்றில் இருக்கும் எண். "தொலைந்தது" என்று ஒரு பத்தி போடாதீர்கள். அறிவியலில் அப்படி ஒரு பத்தி கிடையாது.

கிழிந்த புழுவை நீரில் எறியாமல் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். நைலான் நரம்புத் துண்டையும் விடாதீர்கள். நீர்ப்பறவைகளின் காலில் சுற்றுவது அதுதான். ஈயக் குண்டும் நல்லதல்ல. பிரிட்டனில் அன்னப் பறவைகள் தூண்டில் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1987-இல் பெரும்பாலான அளவுகளில் தூண்டில் ஈயக் குண்டு விற்பதைத் தடை செய்தார்கள். சிறிய இரும்பு நட்டு ஒன்றைக் கட்டினாலும் தூண்டில் இறங்கும்.

விராலுக்காக ஒரு வார்த்தை. நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதப்பதைக் கண்டால், அடியில் காவலுக்குப் பெரிய விரால் இருக்கும். குஞ்சுகளின் அருகில் எது வந்தாலும் பசி இல்லாவிட்டாலும் அது பாய்ந்து கவ்வும். அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் விட்டு வைக்கா. அந்த இடத்தில் தூண்டில் போடாமல் நகர்ந்துவிடுங்கள்.

உங்களுக்காகவும் ஒரு வார்த்தை. மணல் அள்ளிய குழிகள் நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது. ஒளிவிலகலால் 4 அடி ஆழம் 3 அடியாகத்தான் தோன்றும். நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஒரு சோதனை

நான் சொன்னதை அப்படியே நம்பவும் வேண்டாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஆற்று நீரும் சிறிது ஆற்று மண்ணும் போடுங்கள். ஒன்றில் செத்த மண்புழு ஒன்று. மற்றொன்றில் கரையில் பொறுக்கிய ரப்பர் புழுத் துண்டு ஒன்று. போடுவதற்கு முன் இரண்டையும் பள்ளித் தராசில் நிறுத்து, நீளத்தையும் அளந்து எழுதி வையுங்கள். வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். மாதம் ஒரு முறை துண்டை எடுத்து, நீரை ஒற்றி எடுத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். மண்புழுப் பாட்டிலில் நிறுக்க எதுவும் மிஞ்சுகிறதா? ரப்பர்த் துண்டின் எடை கூடுகிறதா, குறைகிறதா, மாறவே இல்லையா? எந்த வகைப் புழு, எந்த நீர் என்பதைப் பொறுத்து உங்கள் விடை வேறுபடலாம். ஒரு கல்வியாண்டு முழுவதும் தொடர்ந்து பதிவு செய்தால், உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அதைவிட நல்ல பொருள் வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

அந்தப் பதினோராம் வகுப்புப் பையனை மறுபடி கரையில் பார்த்தபோது, விராலின் வயிற்றில் கிடைத்த துண்டைக் காட்டினேன். கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சார், இது இன்னும் புதுசு மாதிரியே இருக்குதுங்க" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. எது கெடாதோ அதை ஆற்றில் விடக் கூடாது.

இப்போது அவன் மண்புழுவுக்குத் திரும்பிவிட்டானா என்றால், முழுதாக இல்லை. ஆனால் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறான். கடைசியாக நான் பார்த்தபோது அதில், கொண்டு போனது 3, கொண்டு வந்தது 2 என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றுக்காக இருட்டும் வரை அவன் பாசியைக் கிளறிக் கொண்டிருந்தான். பத்தில் ஏழைத் தொலைத்துவிட்டுச் சும்மா நின்றவன் அவன்தான்!

உங்கள் ஊரில் ஆறோ ஏரியோ குளமோ எது இருந்தாலும், அங்கே தூண்டில் போடுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை கொண்டு போனீர்கள், எத்தனை கொண்டு வந்தீர்கள்? கேள்வி சின்னதுதான். பதிலை எழுதத் தொடங்கினால் அது அறிவியலாகிவிடும்.